வாமன மரங்களுக்கு ஏற்ற இளமரங்களைத் தெரிந்தெடுக்கும் முறை

கன்னிவாடிப் பகுதியில் கிணற்றுப் பாசனத்தை நம்பிப் பயிரிடும் குடியானவர்கள், கிணற்றுச் சுவரின் கல்லிடுக்குகளில் முளைத்த அரசு, ஆல், இச்சி முதலிய செடிகளை ஆண்டுக்கொரு முறையேனும் வெட்டி எறிவது வழக்கம். வெட்டிய மறு மழைக்கே அவை மீண்டும் துளிர்த்துவிடும். இவ்விதமே வரப்புகளிலும் வேலியோரங்களிலும் தாமே முளைத்து, ஆடுகளால் கடிக்கப்பட்டுக் குறுகி நிற்கும் புளி, காரை, காட்டெலுமிச்சை முதலியனவும் வரப்புச் செதுக்கும் காலத்தில் தோண்டப்பட்டு, குப்பையோடு குப்பையாகக் கொளுத்தப்படுகின்றன. சிறு தொட்டிகளில் வளர்க்கப்படும் வாமன மரங்களுக்கு இவற்றினும் மேலான மூலச் செடி கிடைப்பது அரிது என்பதைப் பெரும்பாலோர் அறியார். அறிந்த சிலரோ, தம் நிலத்தில் உள்ளதை விட்டுவிட்டு, மலைமேல் பாறைகளில் முதிர்ந்து நிற்கும் மரங்களைத் தேடிப் போகின்றனர். இவ்விரு பிழைகளையும் நீக்குவதற்கு, இளமரத்தை எவ்வாறு பார்த்துத் தெரிந்தெடுப்பது என்பது விளங்கினாற் போதும்.

வாமன மரம் என்பது தனி ஜாதி மரமன்று. காட்டில் 60 அடி வளரும் அதே புளியைத் தொட்டியில் வேரையும் கிளையையும் காலத்திற்கேற்பக் கத்தரித்து, முதிர்ந்த பெருமரத்தின் தோற்றத்தைச் சிற்றளவில் வரும்படி செய்வதே இக்கலை. சீன தேசத்தில் கி.பி. 706இல் அமைந்த ஓர் அரசகுமாரனின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகள் வைத்த தட்டை ஏந்தி நிற்கும் பணியாளர் உருவம் காணப்படுகிறது. அங்கிருந்து ஜப்பானுக்குச் சென்று போன்சாய் என்னும் பெயரால் இக்கலை உலகெங்கும் பரவிற்று. 1923ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்தில் தோக்கியோ நகரம் அழிந்தபின், அங்கிருந்த மரம் வளர்ப்போர் சிலர் நல்ல மண்ணும் நீரும் காற்றும் தேடி ஓமியா என்னுமிடத்தில் 1925இல் தனிக் கிராமமே அமைத்துக்கொண்டனர். நன்கு பேணப்படும் மரம் பல தலைமுறைகள் வாழும் என்பதற்கு, 1625ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டு, 1945இல் ஹிரோஷிமா அணுகுண்டுக்கும் தப்பி, 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக அளிக்கப்பட்ட ஒரு ஊசியிலை மரமே போதிய சான்றாகும். நம் நாட்டில் பெங்களூர் லால்பாக் தோட்டத்திலும், மைசூர் அவதூத தத்த பீடத்தின் தோட்டத்திலும் வாமன மரங்களைப் பொதுமக்கள் காணலாம்.

முதிர்ந்த மரத்தைத் தேடிப் போவதால் விளையும் கேடும் ஜப்பானியரின் வரலாற்றிலேயே இருக்கிறது. மலையிலிருந்து எடுக்கும் மரத்திற்கு அவர்கள் யமாதோரி என்று பெயரிட்டனர். சிகோகு தீவிலுள்ள இஷிசுச்சி மலைப்பாறைகளில் காற்றாலும் பனியாலும் முறுக்குண்டு நின்ற ஊசியிலை மரங்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருவிலை ஏற்படவே, கயிற்றில் தொங்கியபடி அவற்றைப் பெயர்த்தெடுப்போர் கூட்டம் பெருகிற்று. சில ஆண்டுகளில் அம்மலையில் நல்ல மரம் கிடைப்பது அரிதாகிவிட, அவர்கள் இதொயிகவா மலைப்பாறைகளை நாடிச் சென்றனர். அங்கும் அதுவே நேர்ந்தது. இக்காலத்தில் அவ்வகை மரம் பெரும்பாலும் போத்து நட்டே உண்டாக்கப்படுகிறது. பழனிமலையின் கீழ்ச்சரிவுகளும் சிறுமலையும் அருகிலிருக்கும் திண்டுக்கல் ஜில்லாவில் இது நினைவில் வைக்கத்தக்கது. பாறையிடுக்கில் நூறாண்டு நின்ற மரத்தின் வேர் எங்கே ஓடுகிறதென்று யாராலும் கூற இயலாது. பெயர்க்கும்போது தடித்த ஆணிவேர் ஒன்று மட்டும் கையோடு வரும். நீரை உறிஞ்சும் சல்லிவேர் பாறைக்குள்ளேயே தங்கிவிடும். அத்தகைய மரங்களில் பிழைப்பன மிகச் சிலவே.

அன்றியும் சிறிய வாமன மரத்திற்கு முதிர்ந்த மரம் தேவையுமில்லை. இதற்கு எளிய கணக்கு ஒன்றுண்டு. அடிமரத்தின் குறுக்களவைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு உயரமுள்ள மரம் கண்ணுக்குப் பெருமரமாகத் தோன்றும். அதற்கு மேல் உயர்ந்தால் வெறும் நாற்றுப் போலவே காணும். ஜப்பானியர் சிறுவகை என்று கூறுவது 8 அங்குல உயரம் வரையுள்ள மரங்களையே. 8 அங்குல மரத்திற்கு வேண்டிய அடிமரக் குறுக்களவு ஒன்றேகால் அங்குலத்திற்குச் சற்று மேற்பட்டதாகும். கைப்பெருவிரலைவிடக் கொஞ்சம் தடித்த அடிமரம் போதும் என்பது இதனால் விளங்கும். வயலில் நின்று பார்ப்போர் ஒரு நூலை அடிமரத்தில் சுற்றி அளந்து, அந்நூலை இரண்டு மடங்காக்கினால் கிடைக்கும் நீளமே அம்மரத்தின் வருங்கால உயரம் என்று கொள்ளலாம். சுற்றளவு 4 அங்குலமானால் உயரம் சுமார் 8 அங்குலம். இந்த அளவுள்ள அடிமரம் நாலைந்து வருஷத்துப் புளிக்கன்றிலேயே அமைந்துவிடும். கன்று அப்போது மார்பளவு உயர்ந்திருந்தாலும் கவலையில்லை. மேற்பகுதி முழுவதும் வெட்டப்படப் போவதால், தெரிந்தெடுப்போர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தை மட்டுமே கவனித்து, மற்றதை இல்லாததாகவே பாவிக்க வேண்டும். முதன்முதலாக இவ்வேலையில் இறங்குவோர் யாவரும் தழைத்த தலையைப் பார்த்து மயங்குவதே பெரும்பாலும் காணப்படும் தவறாகும்.

இனி, எங்கே தேடுவது என்பது. இவ்விஷயத்தில் குடியானவருக்கு உதவி செய்வது வெள்ளாடு. மேய்ச்சல் வழியில் நிற்கும் கன்றின் நுனியை ஆடு ஒவ்வொரு முறையும் கடித்துவிடுவதால் செடி மேலே எழும்பாமல் பக்கக் கிளைகளைத் தாழ்வாக விடுகிறது. அவையும் கடிபட மேலும் கிளைகள் பிரிகின்றன. வேருக்கோ யாதொரு சேதமுமில்லை. ஆகவே உயரம் ஒன்றரை அடியைத் தாண்டாமலிருக்க, அடிமரம் மட்டும் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே வருகிறது. கத்தரியால் பல ஆண்டுகள் செய்யவேண்டிய வேலையை ஆட்டின் பல் கூலியின்றிச் செய்து வைத்திருக்கிறது. புளி, காட்டெலுமிச்சை, காரை, குரங்கு வெற்றிலை ஆகியவற்றில் இத்தகைய குட்டைச் செடிகள் மேய்ச்சல் ஓரங்களில் ஏராளமாகக் கிடைக்கும். வண்டிப்பாதையின் நடுவே சக்கரத்தில் மிதிபட்டு நிற்பனவும், வரப்பில் மண்வெட்டியால் வருஷா வருஷம் வெட்டுண்டு அடியில் திரண்டிருப்பனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

கிணற்றுச் சுவரிலும் பழைய கட்டடங்களிலும் பறவைகளின் எச்சத்தால் முளைக்கும் அத்தி இனச் செடிகளின் தன்மை வேறு. கல்லுக்குள் வேர் அகப்பட்டிருப்பதால் அவற்றை முழுவேருடன் எடுக்க முடியாது. ஆனால் ஆல், இச்சி இரண்டும் தடித்த துண்டாக வெட்டி நட்டாலும் வேர் விடக்கூடியவை. ஆகையால் நாலு விரற்கடை வேர்த்துண்டு ஒட்டியிருக்கும்படி உளியால் பெயர்த்தெடுத்தாற் போதும். கல்லிடுக்கின் நெருக்கத்தால் தட்டையாகவும் முறுக்காகவும் அமைந்த அவ்வேர், தொட்டியில் வைத்தபின் மரத்திற்கு மிகுந்த முதிர்ச்சித் தோற்றத்தைத் தரும். பால் வடிவது நிற்கும்வரை வெட்டுவாயை நீரில் கழுவிவிட வேண்டும். கிணற்றுச் சுவருக்கும் இதனால் நன்மையே. ஆயினும் தடித்த வேரை இழுத்துப் பறிக்காமல் உளியால் சிறிது சிறிதாகவே எடுத்து, உண்டான சந்தைச் சுண்ணக் கலவையாலோ சிமெண்டாலோ உடனே அடைத்துவிடுதல் அவசியம்.

மர இனங்களில் தாரதம்மியம் உண்டு. சிறு உருவத்திற்கு இலை சிறிதாயிருக்க வேண்டுவது முதல் விதி. கிளைகளை அடக்க அடக்க இலையும் ஒருவாறு சிறுத்து வரும் என்றாலும், அரசிலை 8 அங்குல மரத்திற்கு ஒருபோதும் பொருந்தாது. அதை இரண்டடி மரமாக வளர்ப்பதே முறை. ஆலும் அவ்வாறே. இச்சியின் இலை சிறிது, விழுது விடும், பட்டினி தாங்கும். புதிதாகத் தொடங்குவோருக்கு இதைவிட ஏற்றதில்லை. புளியின் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருப்பதாலும், இளமையிலேயே பட்டை வெடித்து முதிர்ந்த மரம்போல் தோன்றுவதாலும் வறண்ட ஜில்லாக்களுக்கு அதுவே தலைசிறந்தது என்று கூறலாம். குரங்கு வெற்றிலை சிறிய கரும்பச்சை இலையும் வெண்பூவும் சிறு பழமும் உடையது. சீன தேசத்துத் தோட்டக்காரர் இதனைத் தொன்றுதொட்டு வளர்க்கின்றனர். நம் புதர்க்காட்டிலோ இதன் பெயரைக்கூட ஆட்டிடையரன்றிப் பிறர் அறியார். பிராய் மரத்தின் சொரசொரப்பான இலையை மரச்சாமான்களைத் தேய்க்க உபயோகிப்பதுண்டு. சயாம் தேசத்தார் இதன் பட்டையிலிருந்து ஏட்டுக் காகிதம் செய்ததோடு, மரத்தைக் கத்தரித்து அழகிய உருவங்களாகவும் வளர்த்து வந்தனர். விளா, காட்டெலுமிச்சை இரண்டும் முள்ளுடையன. வளர்ச்சி மெதுவானாலும் உருவம் நன்று.

வேம்பு எவ்வளவு வெட்டினும் துளிர்க்கும். ஆனால் அதன் நீண்ட கூட்டிலைகள் சிறு மரத்தில் தலைவிரிகோலமாகத் தொங்கும். முருங்கையின் மரம் மென்மையானது, கிளை எளிதில் அழுகும். பனை, தென்னை, ஈச்சு ஆகியவை இக்கலைக்கு முற்றும் பயன்படா. அவற்றிற்கு ஒரே குருத்து. குருத்து போனால் மரமும் போயிற்று. பக்கக் கிளையும் இல்லை, ஆண்டுக்காண்டு பருக்கும் கட்டையும் இல்லை.

உண்ணிச்செடியையும் சீமைக் கருவேலையும் பற்றித் தனியே கூற வேண்டும். வெளிநாட்டிலிருந்து 1800களின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்கு அழகுச் செடியாகக் கொணரப்பட்ட உண்ணி, இன்று மலையடிவாரங்களை எல்லாம் மூடி நிற்கிறது. அதன் தழை கால்நடைகளுக்கு நஞ்சு. சீமைக் கருவேலால் உண்டான தொல்லையை யாவரும் அறிவர். இவ்விரண்டையும் நிலத்திலிருந்து நீக்குவது புண்ணியமே. உண்ணியின் பழைய தூர்கள் கைப்பருமனுக்கு முறுக்கேறி, வெட்டிய இடமெல்லாம் துளிர்த்து, சிறு இலையும் பூவுமாக அழகிய வாமன மரமாகின்றன. நல்ல புளிக்கன்றில் கை வைப்பதற்கு முன்பு ஒருவர் இரண்டு வருஷம் உண்ணித் தூரில் பழகிக்கொள்வாரானால், கெடுவது களையே அன்றி மரமன்று.

இனத்தைத் தீர்மானித்தபின் தனி மரத்தைப் பார்க்கும் முறை பின்வருமாறு. முதலில் மண்ணைக் கையால் ஒதுக்கி வேர்க்கழுத்தைக் காண வேண்டும். அடிமரத்தைச் சுற்றிலும் மூன்று நான்கு வேர்களேனும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் விரிந்திருப்பது உத்தமம். ஒரே பக்கத்தில் மட்டும் தடித்த வேர் ஓடியிருந்தால் அது மத்திமம். கோல் நட்டது போல் வேர் விரிவின்றி நேரே இறங்கியிருப்பதை எடுக்காமல் விடுவதே நலம். கிளையைப் பிற்காலத்தில் உண்டாக்கலாம், இலையைச் சிறுக்கச் செய்யலாம். கெட்ட வேர்க்கழுத்தைத் திருத்துவதற்கு நெடுங்காலம் வேண்டும். இதன் காரணமாகவே மரத்தை மேலிருந்து கீழாகப் பாராமல், கீழிருந்து மேலாகப் பார்த்தல் வேண்டும் எனப்படுகிறது.

அடுத்தது அடிமரத்தின் சாய்வும் குறுக்கமும். கீழே பருத்து மேலே போகப் போகச் சிறுப்பது முதிர்ந்த மரத்தின் அடையாளம். ஆட்டுக்கடி பட்ட செடியில் நுனி மாறி மாறி எழுந்திருப்பதால் இந்தக் குறுக்கமும் சிறு வளைவும் இயற்கையாகவே அமைந்திருக்கும். பார்வைக்கு நேராக, தடி போல் ஒரே பருமனாய் நிற்கும் நாற்றில் இதனைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, தாழ்ந்த கிளை. 8 அங்குல மரத்தின் முதற்கிளை சுமார் இரண்டரை அங்குல உயரத்தில் புறப்பட வேண்டும். அவ்வுயரத்தில் உயிர்க்கண்ணோ சிறு துளிரோ இருந்தாலும் போதுமானது. நகத்தால் பட்டையைச் சிறிது சுரண்டிப் பச்சை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடியில் துளை விழுந்து மரத்தூள் சொரிந்தால் வண்டு குடைந்த மரம் என அறிந்து விலக்குக. சிறு பொந்தும் பழைய வெட்டுக்காயமும் குற்றமல்ல. சிறு மரத்தில் அவையே அழகாக முடிவதுண்டு.

எடுப்பதற்கு முன்பு நிலம் யாருடையது என்பதைத் தெளிவாக அறிதல் கடமை. கன்னிவாடிக்கு மேற்பட்ட மலைச்சரிவுகளிலுள்ள காப்புக்காட்டில் ஒரு செடியைப் பெயர்ப்பதும் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றமாகும். களையாகிய உண்ணித் தூருக்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும். கண்மாய்க்கரை, ஓடை, பாதை முதலிய புறம்போக்கு மரங்கள் சர்க்காருக்குச் சொந்தமானவை. சாலையோரப் புளியின் அடியில் முளைத்த கன்றும் அதில் சேரும். அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் பட்டா நிலத்து மரங்களை வெட்டுவதற்கும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதி கோருகிறது. நகரங்களிலிருந்து வண்டியுடன் வந்து, ‘வேண்டாத செடிதானே’ என்று சொல்லிப் பாறைச்சரிவு மரங்களைத் தோண்டிச் செல்வோர் எவரேனும் தென்பட்டால், கிராம அதிகாரிகள் அதனைச் சாதாரணமாக விட்டுவிடலாகாது. அவர்கள் கொண்டுபோவதில் பெரும்பகுதி மறு கோடைக்குள் விறகாகிவிடுகிறது. சொந்தப் பட்டா நிலத்தில், எவ்வாறாயினும் வெட்டப்படவிருக்கும் செடியை எடுப்பதே நியாயமும் லாபமும் ஆகும்.

எடுக்கும் காலம் முக்கியம். ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்று வேரறுந்த செடியின் ஈரத்தை ஒரே நாளில் உறிஞ்சிவிடும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவ மழை தொடங்கி, மண் ஒரு முழத்திற்கு நனைந்து, வானமும் மூடியிருக்கும் நாட்களே தகுந்தவை. அவசரமில்லாத இடத்தில் இரண்டு ஆண்டுத் திட்டம் மேலானது. முதல் ஐப்பசியில் அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றில் பாதியளவு மட்டும் குழி வெட்டி வேர்களை அறுத்து, மக்கிய தொழுவுரம் கலந்த மண்ணால் மூடிவிட வேண்டும். அறுத்த முனைகளில் சல்லிவேர்கள் திரளும். மறு ஐப்பசியில் மற்றப் பாதியையும் அறுத்து மண்கட்டியோடு எடுத்தால், மரத்திற்குத் தன்னிடம் மாறியதே தெரியாது. அடியில் ஆணிவேரை அறுக்கும்போது கடப்பாரையால் நெம்பாமல் கூரிய வாளால் அறுத்தல் வேண்டும். நெம்பினால் மண்கட்டி உதிர்ந்து, பட்டபாடெல்லாம் வீணாகும். எடுத்தவுடன் ஈரச் சாக்கால் வேரைச் சுற்றிக் கட்டி, இலைகளில் பெரும்பகுதியைக் கிள்ளிவிட்டு, நிழலில் கொண்டுபோய் அன்றே நட்டுவிட வேண்டும்.

நட்ட மூன்று நான்கு வாரங்களில் பச்சைத் துளிர் தோன்றும். இதைக் கண்டு மரம் பிழைத்தது என்று மகிழ்ந்து வெயிலில் வைத்து உரமிடுவோர் பலர். உண்மையில் அடிமரத்தில் சேமிக்கப்பட்டிருந்த சத்தைக் கொண்டே அத்துளிர் வெளிவருகிறது. புது வேர் ஒன்றுகூட உண்டாகாமலிருக்கலாம். சேமிப்புத் தீர்ந்ததும், மாசி பங்குனி வெயிலில் மரம் ஒரு வாரத்தில் கருகிவிடும். முதல் துளிர் முற்றி, அதன்மேல் இரண்டாம் துளிர் வலுவாக எழுந்தால்தான் வேர் பிடித்ததென்று கொள்ளத்தக்கது. அதுவரை நிழலும் அளவான ஈரமும் தவிர வேறொன்றும் வேண்டா. அசைத்துப் பார்ப்பதும், மண்ணைக் கிளறி வேரைத் தேடுவதும் கூடாது.

இவ்வாறு பிழைத்த கன்றை உடனே சிறு தொட்டிக்கு மாற்றுவது இரண்டாவது பெருந்தவறு. தொட்டியில் மரம் பருப்பது நின்றுவிடும். அடிமரம் போதிய பருமனில்லாத கன்றை வீட்டுத் தோட்டத்தின் ஓரமாகத் தரையிலேயே இரண்டு மூன்று வருஷம் வளர்ப்பது சிறந்தது. நடும் குழியில் ஒரு தட்டை ஓட்டை வைத்து அதன்மேல் வேரை விரித்து நட்டால், வேர் கீழே இறங்காமல் பக்கங்களில் பரவி நல்ல வேர்க்கழுத்து அமையும். மேலே கிளைகளை வெட்டாமல் ஓடவிட வேண்டும்; இலை மிகுந்தால்தான் அடிமரம் பருக்கும். வேண்டிய பருமன் வந்தபின், முடிவான உயரத்தில் மூன்றிலொரு பங்கில், அதாவது இரண்டரை மூன்று அங்குலத்தில், தலையை ஒரேயடியாக வெட்ட வேண்டும். பார்ப்போர் பதைபதைப்பர்; புளியும் இச்சியும் இரண்டு மாதத்திற்குள் வெட்டுவாயைச் சுற்றிலும் துளிர்க்கும். அவற்றுள் நல்ல திசையிலுள்ள ஒன்றைப் புதுத் தலையாக விட்டு, அது அடிமரத்தில் மூன்றிலிரண்டு பருமன் அடைந்ததும் மறுபடி வெட்ட வேண்டும். இவ்விதம் இரண்டு மூன்று முறை செய்வதில் இயற்கையான குறுக்கமும் வளைவும் தாமே அமைகின்றன. இளமரத்தில் வெட்டுக்காயம் சிறிதாகையால் பட்டை விரைவில் மூடிக்கொள்ளும். முதிர்ந்த மரத்தின் பெருங்காயமோ பெரும்பாலும் மூடாமலே அழுகும். இளமரத்தைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொட்டிக்கு மாற்றும்போது சலித்தெடுத்த செங்கல் குறுணி இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு சேர்ந்த கலவை இவ்வட்டாரத்திற்குப் போதுமானது. களிமண்ணும் வண்டலும் உதவா. ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாயிருந்து தொட்டி விளிம்பில் வெண்மை படிந்தால், மழைநீரைச் சேமித்து வாரம் ஒரு முறையேனும் அதை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். கிளைகளை வளைக்கக் கட்டும் கம்பி மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே பட்டையில் பதிந்துவிடக்கூடுமாதலால் அடிக்கடி பார்த்து அவிழ்த்துக் கட்டுக.

ஒரு வேலியோரத்தில் பத்துக் குட்டைச் செடிகள் இருந்தால் பத்தையும் ஒரே பருவத்தில் எடுக்க வேண்டுவதில்லை. இரண்டை எடுத்து, மற்றவற்றிற்கு அரைவட்டக் குழி மட்டும் வெட்டி அடையாளக் கந்தை கட்டி வைத்தால், முதல் இரண்டின் முடிவைக் கண்டபின் மற்றவற்றைத் தீர்மானிக்கலாம். ஆட்டையும் அதுவரை தடுக்க வேண்டா. செடியெடுத்த குழியை மட்டும் அன்றே மண்ணிட்டு மிதித்து மூடிவிடுதல் மிக அவசியம். ஐப்பசி மழையில் வரப்பில் திறந்து கிடக்கும் ஒரு முழக் குழி, கார்த்திகைக்குள் வரப்பையே உடைத்துக்கொண்டு போய்விடும்.